எண்ணெய் குறைத்த பீன்ஸ் டிப் அன்றைக்கு மாவாகவும் மறுநாள் தண்ணீராகவும் ஆவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கடையில் வாங்கிய ஹம்மஸ் (கொண்டைக்கடலையை எள் விழுதும் எண்ணெயும் சேர்த்து அரைத்த, தோய்த்துச் சாப்பிடும் டிப்) டப்பாவைத் திருப்பிப் பார்த்தீர்கள். கலோரிக் கணக்கைப் பார்த்ததும் மனசு ஒப்பவில்லை. வீட்டிலேயே கொண்டைக்கடலையை வேகவைத்து, எண்ணெயையும் எள் விழுதையும் பெருமளவு குறைத்து, அளவு குறையாமல் இருக்க ஒரு சுக்கினியை (வெள்ளரி போல இருக்கும் காய்) அவித்துப் போட்டு அரைத்தீர்கள். அன்றைக்கு அது மாவு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது. எண்ணெய் இல்லாமல் இது வரவே வராதா, அல்லது நான் எங்கேயோ தப்பு செய்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வரும். நன்றாகவே வரும். ஆனால் எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காயால் நிரப்பினால் மட்டும் போதாது. எண்ணெய் அங்கே என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் வேறு ஆள் வைக்க வேண்டும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பதினெட்டு வருடங்களாகப் பெரிய சமையல்கூடங்களில் வேலை பார்ப்பவன். இந்த மாதிரி டிப்பை வாரத்துக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கிலோக்கணக்கில் செய்திருக்கிறேன். கொழுப்பைக் குறைத்துத் தரச் சொல்லி வந்த வேலைகளும் அதில் உண்டு. ஆகவே கீழே சொல்வதில் சில, உணவு அறிவியலில் உறுதியானவை. சில, என் கைப்பழக்கத்தில் வந்தவை. எது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்ணெயின் வேலை. வெந்த கொண்டைக்கடலையை எவ்வளவு அரைத்தாலும் அது மாவுச்சத்தும் நார்ச்சத்தும் நிறைந்த நுண்துகள்களின் கூட்டம்தான். எண்ணெயும் எள் விழுதும் அந்தத் துகள்களுக்கு நடுவே மெல்லிய படலமாகப் படர்ந்து, ஒன்றோடொன்று உரசாமல் வழுக்க வைக்கின்றன. நாக்கு அதைத்தான் வழவழப்பு என்று உணர்கிறது. இரண்டாவது, சீரகம், மிளகாய், பூண்டு ஆகியவற்றின் மணத்தில் பெரும்பகுதி எண்ணெயில் கரைவது. எண்ணெய் அதை வாய் முழுக்கப் பரப்பித் தங்க வைக்கிறது. மூன்றாவது, எள் விழுதும் எண்ணெயும் நீரோடு சேர்ந்து குழம்பியிருக்கும்போது அந்த நீர் தனியே பிரிந்து ஓடுவதில்லை. நீங்கள் எண்ணெயைக் குறைத்தபோது இந்த மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன. அதனால்தான் மாவு மாதிரி ஒட்டியது, சப்பென்று இருந்தது, மறுநாள் தண்ணீர் விட்டது.

தண்ணீர் விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். இறுகும்போது தான் பிடித்து வைத்திருந்த நீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளும். அத்துடன் சுக்கினியில் 100 கிராமுக்கு சுமார் 95 கிராம் தண்ணீர்தான். 250 கிராம் சுக்கினியை அவித்துப் போட்டால், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றியதற்குச் சமம். சூட்டில் அரைத்தபோது அந்த நீர் தெரிந்திருக்காது. உப்பும் குளிரும் சேர்ந்து ராத்திரியில் அதை வெளியே கொண்டுவந்துவிட்டன.

அடுத்து கணக்கு. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120 கலோரி, எள் விழுது ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 90. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு சுமார் 164 கலோரி. அதில் 9 கிராம் அளவுக்குப் புரதமும் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. காலிஃபிளவர் 100 கிராமுக்கு வெறும் 25 கலோரி. வழக்கமான ஹம்மஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெந்த கொண்டைக்கடலை 250 கிராம், எள் விழுது 100 கிராம், எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சை, பூண்டு, கொஞ்சம் தண்ணீர். கூட்டிப் பார்த்தால் 100 கிராமுக்கு சுமார் 280 கலோரி வரும். அதில் கொண்டைக்கடலையின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. மீதி பெரும்பாலும் எள்ளும் எண்ணெயும்தான். ஆகவே லேசாக்க வேண்டுமென்றால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எள்ளிலும் ஆலிவ் எண்ணெயிலும் இருப்பது பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு. அது உடம்புக்கு எதிரி அல்ல. கலோரியைக் குறைப்பது உங்கள் நோக்கமென்றால் குறையுங்கள். கொழுப்பென்றாலே கெடுதல் என்று பயந்து முழுதாக நீக்காதீர்கள். கேரட், பூசணி, சிவப்புக் குடமிளகாய் போன்றவற்றில் உள்ள கரோட்டின் வகைச் சத்துகளை உடம்பு உறிஞ்சிக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு கூடவே இருக்க வேண்டும். அதனால் எண்ணெயே இல்லாத டிப்பை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். எண்ணெய் குறைந்த டிப்பில் பாதி வெற்றி கடலையை வேகவைப்பதிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். சாலட்டுக்கு வேகும் பதம் இதற்கு ஆகாது. 200 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்புப் போட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு போட்டால் கடலை வேகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஊறவைக்கும்போது நடப்பது நேர்மாறு. உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இடம்பெயர்த்து, தோலை இளக வைக்கிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து வேகவையுங்கள். சோடா தண்ணீரைக் காரத்தன்மை ஆக்குவதால், கடலையின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரைகிறது. கால் டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள். கூடினால் சோப்பு வாடை வரும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் வீணாகும். எலுமிச்சை, தக்காளி, புளிப்பான எதுவும் இந்தக் கட்டத்தில் சேரவே கூடாது. புளிப்பு பெக்டினைக் கெட்டிப்படுத்திக் கடலையை வேகவிடாது. உப்புத் தண்ணீராக, அதாவது கடினநீராக வரும் இடங்களில் எவ்வளவு வேகவைத்தாலும் கடலை விறைத்தே நிற்பதற்கும் காரணம் அந்தக் கால்சியமும் மக்னீசியமும்தான். அங்கே வடிகட்டிய குடிநீரில் வேகவையுங்கள்.

குக்கரில் என்றால் ஆவி வந்து அழுத்தம் ஏறிய பிறகு 25 நிமிடம். திறந்த பாத்திரத்தில் கடலையின் வயதைப் பொறுத்து ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். கடலை நுரைத்துப் பொங்கும், சோடா போட்டால் இன்னும் கூடுதலாக. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை வால்வை அடைத்துவிடும். வெந்ததா என்று நேரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கடலையை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். இரண்டாகப் பிளந்தால் போதாது. எந்த எதிர்ப்பும் காட்டாமல், நடுவில் சின்னத் திப்பிகூட இல்லாமல், விரலோடு விரல் ஒட்டும்படி மசிய வேண்டும். விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் வெண்ணெய் பூசிய மாதிரி இருக்க வேண்டும். மணல்மணலாகத் தட்டுப்பட்டால் இன்னும் பத்து நிமிடம். இங்கே விட்ட குறையை மிக்ஸி ஈடுகட்டாது. மாவு மாதிரி ஒட்டியது என்று நீங்கள் சொன்னதில், என் ஊகம், பாதிக்காவது இதுதான் காரணம்.

டின்னில் வரும் கொண்டைக்கடலை தாராளமாகப் பயன்படும். வடித்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் அதிலுள்ள சோடியத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும். ஆனால் அதையும் அப்படியே அரைக்காதீர்கள். மூழ்கும் அளவு தண்ணீரும் ஒரு சிட்டிகை சோடாவும் சேர்த்து 15, 20 நிமிடம் கொதிக்கவிட்டால் வித்தியாசம் தெரியும்.

கொண்டைக்கடலைக்குப் பதிலாக வேறு உலர்ந்த பீன்ஸ் கொட்டை எடுப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது இது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் நிறைய இருக்கிறது. வேகாத நாலைந்து கொட்டைகளே ஒருவரை வாந்தியும் வயிற்றுப்போக்கும் வர வைக்கப் போதும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகுதான் மற்ற எதுவும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. சுமார் 80 டிகிரியில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிடப் பல மடங்கு நச்சாக மாறக்கூடும். குக்கரில் முழுதாக வெந்ததும் டின்னில் வருவதும் பாதுகாப்பானவை. வெள்ளை பீன்ஸிலும் இதே புரதம் உண்டு, ஆனால் அளவு குறைவு. அதையும் அப்படியே கொதிக்கவைப்பது நல்லது. சுவைக்காகக் கேட்டால், லேசான டிப்புக்கு என் கை முதலில் போவது வெள்ளை பீன்ஸுக்குத்தான். தோல் மெல்லிசு, உள்ளே வெண்ணெய் மாதிரி மசியும், எண்ணெய் குறைந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

இப்போது காய்க்கு வருவோம். நான் முதன்முதலில் பெரிய அளவில் லேசான டிப் செய்தபோது நீங்கள் செய்ததையேதான் செய்தேன். காலிஃபிளவரை அவித்து, வடித்து, கடலையோடு அரைத்து, பார்க்க அழகாக வெள்ளையாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஸ்பூனால் ஒரு கோடு இழுத்தால், கோட்டின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஊறி நின்றது. பரிமாற முடியாமல் அத்தனையையும் சூப்பாக மாற்ற வேண்டி வந்தது. அன்றிலிருந்து நான் மாற்றாத ஒரு பழக்கம்: காயை அவிக்காமல் சுடுவது. காய் உள்ளே போவதற்கு முன் அதன் தண்ணீர் வெளியே போயாக வேண்டும். சுடும்போது தண்ணீர் வற்றுவதோடு, ஓரங்கள் பழுப்பேறிப் புது மணமும் இனிப்பும் வருகின்றன. குறைத்த எண்ணெயால் போன ருசியில் கொஞ்சம் அங்கே திரும்பி வந்துவிடும்.

காலிஃபிளவரைச் சிறு பூக்களாகப் பிரித்து, ஈரம் துடைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி, 220 டிகிரி ஓவனில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நெருக்கினால் தங்கள் ஆவியிலேயே அவிந்துவிடும். ஓவன் இல்லையென்றால் அகலமான கனத்த வாணலியை மூடாமல் வைத்து, அடிக்கடி கிளறாமல், ஒரு பக்கம் சிவந்த பிறகு திருப்புங்கள். 250 கிராம் பச்சைக் காய் சுமார் 150 கிராமாகச் சுருங்கினால் சரியான பதம். கத்திரிக்காய் என்றால் முழுதாகத் தணலிலோ அடுப்பிலோ தோல் கருகும்வரை சுட்டு, உரித்து, வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்தால் கசப்பான நீர் இறங்கிவிடும். குடமிளகாயையும் அப்படியே கருக்கி, மூடிய கிண்ணத்தில் பத்து நிமிடம் வைத்துத் தோலை உரிக்கலாம். பீட்ரூட்டைத் தண்ணீரில் வேகவைக்காமல் தோலோடு ஃபாயில் தாளில் பொதிந்து 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். பூசணியும் கேரட்டும் இனிப்புத் தூக்கலானவை, அவற்றுக்கு எலுமிச்சையைக் கூட்ட வேண்டும். சுக்கினிதான் வேண்டும் என்றால் துருவி, அரை டீஸ்பூன் உப்புப் பிசறி, இருபது நிமிடம் கழித்துத் துணியில் முறுக்கிப் பிழிந்து, சூடான வாணலியில் சத்தம் அடங்கும்வரை வதக்கிச் சேருங்கள். பிழிந்த தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று ஒரு தடவை ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். நேற்று நடந்தது என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

வெந்த கடலை ஐந்து பங்குக்குச் சுட்ட காய் மூன்று பங்கு என்பது என் கைக்கணக்கு. சரிபாதி வரை போகலாம். அதைத் தாண்டினால் அது காய் மசியலாகிவிடும், எதைத் தோய்த்தாலும் நழுவி விழும்.

நான் செய்யும் அளவு இது: வெந்த கடலை 250 கிராம் (உலர்ந்தது சுமார் 110 கிராம்), சுட்ட காலிஃபிளவர் 150 கிராம், எள் விழுது ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், பூண்டு இரண்டு பல், கடலை வெந்த நீர் 4 டேபிள்ஸ்பூன், எண்ணெய் மொத்தமே 2 டீஸ்பூன், அதில் ஒன்று காய்க்கு, ஒன்று கடைசியில் மேலே. உப்பை அரை டீஸ்பூனில் ஆரம்பியுங்கள். கூட்டினால் அரை கிலோவுக்குச் சற்று மேல் வரும்; 100 கிராமுக்கு சுமார் 125 கலோரி. முன்னால் போட்ட கணக்கில் பாதிக்கும் கீழே. கடலையின் ரகம், காய் எவ்வளவு வற்றியது என்பதைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து கலோரி முன்பின் ஆகும்.

அரைக்கும் வரிசை முக்கியம். பூண்டை முதலில் தட்டி, எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பூண்டைத் தட்டும்போது ஒரு நொதி வேலை செய்து காரமான அல்லிசினை உண்டாக்குகிறது; புளிப்பு அந்த நொதியை அடக்குவதால் பச்சை நெடி மட்டுப்படும். தனிக் கிண்ணத்தில் எள் விழுதோடு இரண்டு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து அடியுங்கள். முதலில் அது கல் மாதிரி இறுகும், பயப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்தால் திடீரென்று இளகி வெளுத்துக் கிரீம் மாதிரி வரும். ஒரே ஒரு டேபிள்ஸ்பூன் எள் விழுதை இப்படி அடித்துச் சேர்த்தால் கிண்ணம் முழுக்கப் பரவும். அப்படியே போட்டால் ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கடலையைச் சூடாக இருக்கும்போதே, வெந்த நீர் மட்டும் விட்டு, மூன்று நிமிடம் விடாமல் அரையுங்கள். ஆறிய கடலையில் மாவுச்சத்து இறுகிவிடும், அதன் பிறகு எவ்வளவு அரைத்தாலும் நறநறப்பு போகாது. சூடானதை அரைக்கும்போது மிக்ஸி ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஆவி மூடியைத் தூக்கி எறியும். மூடியைத் துணியோடு பிடித்துக்கொண்டு, விட்டு விட்டு ஓட்டி, நடுவில் திறந்து ஆவியை விடுங்கள். கடலை மசிந்த பிறகு காய், அதன் பிறகு எலுமிச்சைப் பூண்டுக் கலவை, கடைசியில் எள் கிரீம். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும் என்பதால், உங்களுக்கு வேண்டிய பதத்தைவிடச் சற்றுத் தளர்வாக நிறுத்துங்கள்.

கடலை வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் கரைந்திருக்கும் புரதமும் மாவுச்சத்தும் நுரை தரும் சப்போனின் என்ற பொருளும் நீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடிக்கும். கொஞ்சம் காற்றையும் பிடித்து டிப்பை இலேசாக்கும். எண்ணெய் செய்த மூன்றாவது வேலைக்கு இதுதான் ஆள். ஊறவைத்த நீர் வேறு, வெந்த நீர் வேறு. முன்னது எப்போதும் கொட்ட வேண்டியது. சிவப்பு ராஜ்மா என்றால் வெந்த நீரையும் நான் பயன்படுத்துவதில்லை, நிறமும் வாடையும் நன்றாக இருக்காது. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் எள் விழுதுக்குப் பதிலாகக் கெட்டியாக வடித்த கொழுப்பில்லாத தயிர் மூன்று டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். 100 கிராமுக்கு சுமார் 60 கலோரிதான், புரதமும் நிறைய.

மணத்துக்கு அந்தக் கடைசி ஒரு டீஸ்பூன் எண்ணெயை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் எல்லாம். உள்ளே ஊற்றி அரைத்தால் அது காணாமல் போய்விடும். சின்னக் கரண்டியில் சூடாக்கி, சீரகத்தைப் பொரியவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு மிளகாய்த் தூளைப் போட்டுப் பத்து விநாடி சுழற்றி, டிப்பின் மேலே ஸ்பூனால் குழித்த பள்ளத்தில் ஊற்றுங்கள். வாயில் வைத்ததும் நாக்கில் முதலில் படுவது அதுதான் என்பதால், கிண்ணம் முழுக்க எண்ணெய் இருப்பது போன்ற நிறைவு கிடைக்கும். எலுமிச்சைத் தோலை மஞ்சள் பகுதி மட்டும் துருவிப் போடுவதும் நல்ல பலன் தரும். எலுமிச்சையின் வைட்டமின் சி, கடலையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவுகிறது.

இனி, நான் அடித்துச் சொல்லாத விஷயங்கள். கடலையின் தோலை ஒவ்வொன்றாக உரித்தால் வழவழப்பு கூடும் என்பார்கள். கூடும்தான், ஆனால் சோடா போட்டுக் குழைய வேகவைத்த கடலையில் அந்த வித்தியாசம் அரை மணி நேர உழைப்புக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம், தவிர நார்ச்சத்தில் ஒரு பகுதி தோலோடு போய்விடும். ஐஸ் கட்டி போட்டு அரைக்கச் சொல்வார்கள். எள் விழுது நிறையப் போடும் ஹம்மஸில் அது பலன் தருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் எள் மட்டும் உள்ள இந்த டிப்பில் எனக்கு எந்த மாற்றமும் தெரிந்ததில்லை. எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் வேகமாக அரைத்தால் கசக்கும் என்பது சில பாட்டில்களில் எனக்கு நேர்ந்திருக்கிறது, சிலவற்றில் நேரவில்லை. மேலே ஊற்றுவதானால் அந்தக் கவலையே இல்லை.

இதைவிடப் பெரிதான ஒன்று, எதைத் தோய்த்துச் சாப்பிடுகிறீர்கள் என்பது. உருளைக்கிழங்கு சிப்ஸ் 30 கிராம் சுமார் 160 கலோரி. இந்த டிப் 100 கிராமே 125தான். கிண்ணத்தில் மிச்சப்படுத்தியதைப் பக்கத்துத் தட்டில் தொலைக்க வேண்டாம். கேரட், வெள்ளரி, குடமிளகாய் துண்டுகள் நன்றாகப் பொருந்தும்.

வாயுத் தொல்லை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பவர்கள் உண்டு. பீன்ஸில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை நம் குடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைக்கின்றன. ஊறிய நீரைக் கொட்டுவதால் ஒரு பகுதி குறையும், முழுதும் போகாது. ரொம்பத் தொந்தரவு இருப்பவர்கள் காலிஃபிளவரை விட்டுக் கேரட்டுக்குப் போகலாம், கடலையின் பங்கைக் குறைக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விஷயம் வேறு: பீன்ஸ், பீட்ரூட், பூசணி எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. நான் சமையல் தெரிந்தவன். அங்கே உங்கள் மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு.

எத்தனை நாள் வைக்கலாம்? செய்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அகலமான பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். மேலே எண்ணெய் ஊற்றி மூடி வெளியில் வைத்தால் கெடாது என்று நம்பாதீர்கள். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த இடம்தான் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்குத் தோதான இடம். பூண்டு சேர்ந்தது இன்னும் அபாயம். அந்தக் கிருமி 4.6க்குக் கீழான பிஹெச் அளவில் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) வளராது என்றாலும், கைக்கணக்கில் பிழிந்த எலுமிச்சை அந்த அளவுக்குப் புளிப்பேற்றியது என்று சொல்ல முடியாது. ஆகவே இதைப் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் வேலை வேண்டாம். கூடுதலாகச் செய்தால் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு மூன்று மாதம் சுவை கெடாது. தயிர் சேர்ப்பதானால் உறைந்த டிப் இளகிய பிறகு சேருங்கள். ஃப்ரீசரில் உறைந்த தயிர் திரிந்துவிடும். முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றி, காலையில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு சுற்று அரைத்தால் போதும்.

இப்போது உங்கள் கிண்ணத்தில் மிச்சம் இருப்பது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில்தான் இருந்தது என்றால் காப்பாற்றிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மீதியை அகலமான வாணலியில் போட்டு மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் அடி பிடிக்காமல் கிளறுங்கள். ஓரங்களில் குமிழ் வந்து, கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து பிறகு மெதுவாக மூட வேண்டும். அந்தச் சூட்டிலேயே மிக்ஸிக்கு மாற்றி, முன்னால் சொன்ன ஜாக்கிரதையோடு இரண்டு மூன்று நிமிடம் அரைத்து, தண்ணீர் விட்டு அடித்த ஒரு டேபிள்ஸ்பூன் எள் விழுதைச் சேருங்கள். உப்பும் புளிப்பும் அந்தத் தண்ணீரோடு கொஞ்சம் போயிருக்கும். ருசி பார்த்துக் கடைசியில் எலுமிச்சையைச் சேருங்கள். நாள் கணக்கை மட்டும் முதலில் செய்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.